முத்தழகு மூன்று தடவை கேட்டாள்

பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் ‘நமது ரோபோ குழுவின் வரலாறு’ என்று அருள்பாண்டி நான்கு பக்கம் எழுதியிருக்கிறான். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1996-இல் சிவகங்கைக் கண்காட்சியின் முதல் சுற்றில் நாங்கள் கோட்டை விட்டதற்குக் காரணம் பேட்டரியாம். பச்சைப் பொய். அது தங்கமான பேட்டரி. காரணம் நான்தான். மரிய அனிதாவாகிய நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு மூன்றே பேர். ஒன்பதாம் வகுப்பில் நான், ஈஸ்வரி, அருள்பாண்டி. எங்களுக்கு இருந்த ஒரே சொத்து சத்துணவுக் கூடத்தை ஒட்டிய சின்ன ரூம். பூட்டிக் கிடந்ததைப் பெருக்கித் துடைத்து, ஓடாத ரேடியோ, அறுந்த வயர், கழற்றிய மோட்டார் என்று ரொப்பி வைத்திருந்தோம். ஐப்பசி மழை தொடங்கியதும் சத்துணவு சமைக்கும் மலையம்மாக்கா, அந்த ரூம் விறகு போடத் தனக்கு வேண்டும் என்று தலைமையாசிரியர் குழந்தைவேலு சாரிடம் போய் நின்றார். சார் எங்களைக் கூப்பிட்டார்.

“சிவகங்கையில பரிசு வாங்கிட்டு வாங்க, ரூம் ஒங்களுக்கு. வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தீகன்னா வெறகுக்கு. சம்மதமா?”

“சம்மதம் சார்” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அருள்பாண்டி என் காலை மிதித்தான்.

எங்கள் ரோபோவுக்கு எண்ணெய் டின் உடம்பு, குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டி கால், பழைய காரின் வைப்பர் மோட்டார் உயிர். ஈஸ்வரி அதற்குக் கண்ணும் வாயும் வரைந்து, மூக்குத்தியாக ஒரு சிவப்பு பல்பு வைத்து, முத்தழகு என்று பெயரும் வைத்தாள். முத்தழகின் கையில் ஒரு தட்டு, தட்டில் மாவுருண்டை. நாற்காலியில் இருப்பவர் முன்னால் போய் நிற்பாள். ஓர் உருண்டையை எடுத்தால் தட்டின் கனம் குறையும், அடியிலிருக்கும் ஸ்பிரிங் எழும்பும், மூக்குத்தி எரியும். பிறகு அடுத்த நாற்காலிக்குப் போவாள்.

எப்போது போவது, எப்போது நிற்பது என்பதெல்லாம் அவள் முதுகில் மெதுவாகச் சுற்றும் ஒரு தகர டப்பா மூடியில் இருந்தது. மூடி முழுக்கப் பெயிண்ட், அதன்மேல் கம்பி உரசிக்கொண்டே இருக்கும். பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் கரண்ட் பாய்ந்து வண்டி ஓடும், சுரண்டாத இடத்தில் நிற்கும். வெளி வட்டத்தில் சுரண்டினால் முன்னால், உள் வட்டத்தில் சுரண்டினால் பின்னால். அவ்வளவுதான் அவள் மூளை.

அதைச் சுரண்டும்போதே சண்டை வந்தது.

“ஒரு தடவ நின்னாப் பத்தாது அனிதா. வேணாம்னு சொல்லிட்டா?” என்றான் அருள்பாண்டி.

“வேணாம்னா வேணாந்தான். அடுத்த ஆளுகிட்டப் போக வேண்டியதுதான். மெஷின் எதுக்குடா கெஞ்சணும்?”

எனக்கு ஒரு குணம். யாரிடமும் எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டேன். அப்பாவிடம் சைக்கிள் கேட்டேன், ‘பாப்போம்’ என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் நடந்தே பள்ளிக்கூடம் போனவள் நான். சுரண்டுகிற காம்பஸ் என் கையில் இருந்ததால் நான் சொன்னதுதான் நடந்தது.

சிவகங்கையில் மூன்று நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் காரைக்குடிக் கண்ணம்மை ஆச்சி, கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். முத்தழகு ஜம்மென்று போய் முதல் நடுவர் முன் நின்றாள்.

“இருக்கட்டும்மா” என்றார் அவர். முத்தழகு விறுவிறுவென்று நகர்ந்துவிட்டாள்.

ஆச்சி நெஞ்சில் கை வைத்து, “வேணாம்த்தா, இப்பத்தான் சாப்பிட்டேன்” என்றார். மூன்றாமவர் தலையை மட்டும் ஆட்டினார். மூக்குத்தி எரியவே இல்லை. முத்தழகு நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றாள்.

அட மக்கு அனிதா! நம்ம பக்கத்தில் எந்த வீட்டில் யார் கேட்டவுடனே கை நீட்டியிருக்கிறார்கள்? நானே நீட்ட மாட்டேனே!

ஆச்சி சிரித்தார். “ஏத்தா, ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருச்சே. கல்யாண வீட்டுல இப்படிக் கேட்டா எவுக எடுப்பாக? குடுக்க மனசில்லன்னுல்ல நெனப்பாக. சரி, ரெண்டு மணிக்கு இன்னொரு சுத்து வாரோம்.”

ரூம் போச்சு என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று அருள்பாண்டி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காம்பஸை என் பக்கம் நீட்டி, “எத்தன தடவ கேக்கணும்?” என்றான்.

“மூணு” என்றாள் ஈஸ்வரி. “மூணாந்தடவையும் வேணாம்னா அவுகளுக்கு நெசமாவே வேணாம்.”

பழைய கோடுகளை மூட பெயிண்டுக்கு எங்கே போவது? ஈஸ்வரி பையிலிருந்து நகப்பாலிஷை எடுத்தாள். அவள் பூசப் பூச நானும் அருள்பாண்டியும் ஊதி ஊதிக் காய வைத்தோம். சாப்பாடு யாருக்கு ஞாபகம் இருந்தது? போய் நில், ஓரடி பின்வாங்கு, மறுபடி வா, மறுபடி பின்வாங்கு, மறுபடி வா என்று புதிதாகச் சுரண்டி முடித்தபோது மணி ஒன்றே முக்கால். முதல் தடவையே ஒருவர் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. யார் எடுக்கப் போகிறார்கள்!

இரண்டு மணிக்கு முத்தழகு மறுபடி போனாள்.

“இருக்கட்டும்மா” என்றார் முதல் நடுவர். அவள் ஓரடி பின்னால் போய், திரும்ப வந்து நின்றாள்.

“அட, போதும்மா.”

மறுபடியும் போய் மறுபடியும் வந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்து ஓர் உருண்டையை எடுத்தார். மூக்குத்தி பளிச்சென்று எரிந்தது. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்களும் ஓடி வந்துவிட்டார்கள். ஆச்சி வேண்டுமென்றே இரண்டு தடவை மறுத்தார். மூன்றாந்தடவை, “விட மாட்டேங்குறாளே இவ!” என்று இரண்டு உருண்டையாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. பஸ்ஸில் மூவரும் தொண்டை கட்டும் வரை பாடிக்கொண்டு வந்தோம்.

வந்து பார்த்தால் ரூம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கூரை வரைக்கும் விறகு. எங்கள் ரேடியோக்கள் வராந்தாவில் கிடந்தன.

குழந்தைவேலு சார் தலையைச் சொறிந்தார். “சொன்ன சொல்லு சொல்லுதான், ரூம் ஒங்களுக்குத்தான். ஆனா மழை ஊத்துனா அவுக என்னதான் செய்வாக? சோறாக்குறவுகளப் போயி நான் வெரட்டவா? நீங்களே கேட்டுப் பாருங்க.”

மலையம்மாக்கா அடுப்படியில் இருந்தார். “அக்கா, பாதி ரூம் குடுங்கக்கா” என்றேன்.

“போத்தா அங்குட்டு. ஈர வெறக ஊதி ஊதி எம் மூச்சுப் போறது ஒனக்குத் தெரியுமா?”

சுருக்கென்றது. வழக்கம்போலத் திரும்பி நடந்தேன். வாசலில் ஈஸ்வரி முத்தழகை இறக்கி, மிச்சமிருந்த உருண்டைகளால் தட்டை நிரப்பி, சுவிட்சைப் போட்டுவிட்டிருந்தாள். முத்தழகு என்னைத் தாண்டிப் போய் மலையம்மாக்கா முன்னால் தட்டை நீட்டி நின்றாள்.

“எனக்கெதுக்குடி, வேணாம்” என்றார் அக்கா. முத்தழகு ஓரடி பின்வாங்கித் திரும்ப வந்தாள்.

ஒரு டப்பாவுக்கு இருக்கும் பொறுமை எனக்கு இல்லையா? நானும் திரும்பி வந்தேன். “அக்கா, வெறகு ஒரு பக்கம் இருக்கட்டும். நாங்க ஒரு மூலையில இருந்துக்கிறோம்.”

“வேணாம்னா விட மாட்டீகளா?”

முத்தழகு போய் வந்தாள். “நனையாம அடுக்கித் தர்றது எங்க பொறுப்புக்கா” என்றேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றை மூன்று தடவை கேட்டுவிட்டேன். காது மடலெல்லாம் சுட்டது.

அக்கா என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டார். மூக்குத்தி எரிந்தது. மென்றுகொண்டே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவித் தட்டில் போட்டார். மூக்குத்தி அணைந்துவிட்டது.

“என்னத்தா, கெட்டுப் போச்சா?” என்று பதறினார்.

“இல்லக்கா” என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “தட்டு நெறஞ்சிருச்சு.”