கீறல் விழாத கேரியர்

துடைப்பம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனிதருக்கு ‘ஆராய்ச்சி’ என்று பட்டப்பெயர் வைத்ததில் தப்பே இல்லை. வைத்தது மைத்துனன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது ஆராய்ச்சியேதான்.

அவர் மனைவி தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவள். வீட்டில் உலை கொதிப்பதே அந்தத் தேனீக்களால்தான். பெட்டிகளைக் கரட்டுப் பாதையில் கொண்டுபோக ஓர் ஏடிவி, மேடு பள்ளம் பார்க்காத அந்த நாலு சக்கர வண்டி, வாங்கினார்கள். வண்டி வந்தது, சாமான் ஏற்றும் கேரியர்தான் வரவில்லை. இரும்பா, கம்பாசிட்டா என்று ஆராய்ச்சி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

“கம்பாசிட்டே போதுங்க,” என்றாள். “நாரும் பிளாஸ்டிக்கும் சேர்த்து வார்த்தது. தேனீக்கு வைக்கிற சர்க்கரைப் பாகு சிந்தினாலும் துருப்பிடிக்காது.”

“பிளாஸ்டிக்கா? பாக்கறவன் சிரிப்பான். இரும்புன்னா யானையே ஏறி உக்காரலாம்.”

இரும்பு வந்தது, பளபளவென்ற கறுப்புப் பூச்சோடு. அன்றே அவருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. பூச்சு கீறினால் துரு ஏறுமாம். ஆக, யானை உட்காரும் கேரியரில் ஒரு கூடைகூட ஏறவில்லை. வீட்டிலிருந்த ஒரே நல்ல போர்வை அதற்குப் போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளைத் தலையில் சுமந்தாள்.

ஒரு நாள் இரவு, பெட்டிகள் இருந்த தோட்டத்தின் சொந்தக்காரர் போன் செய்தார். பூச்சிமருந்து அடிக்கிற ஆட்கள் காலையிலேயே வருகிறார்கள், அதற்குள் பெட்டிகளை எடுத்துவிடுங்கள் என்றார்.

பொழுது வெளுக்கும்போதே இருவரும் போய்விட்டார்கள். தேனீக்கள் வெளியே வராதபடி அவள் பெட்டிகளின் வாசலை வலை வைத்து அடைத்தாள்.

“நாலு நாலா ஏத்துங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்.”

ஆராய்ச்சி ஒரே ஒரு பெட்டியைத் தூக்கி, போர்வை விரித்து, கைக்குழந்தையைக் கிடத்துவது போல வைத்தார். “அடியில ஆணி துருத்திட்டிருக்கு. ஒண்ணொண்ணா போவோம்.”

ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பூச்சைத் தடவிப் பார்த்தார். அவள் கெஞ்சினாள், திட்டினாள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தன்னால் ஆனதை அவளே சுமந்து இறக்கினாள். வெயில் ஏறியபோது மூன்று பெட்டிகள் பாக்கி. மருந்து வண்டி வந்துவிட்டது. ஆட்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வாசல் வலை தேனீயை நிறுத்துமே தவிர மருந்தை நிறுத்தாது.

எல்லாம் அடங்கியபின் அவள் அந்த மூன்றையும் திறந்தாள். ஒன்றுகூடப் பறக்கவில்லை. அடித்தட்டில் குவிந்து கிடந்தன. ராணித் தேனீயைத் தேடித் தேடிப் பிடித்துக் குடிவைத்து அவள் பெருக்கிய கூட்டம். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

ஆராய்ச்சி போர்வையை உருவினார். கேரியரைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“நல்லவேளை, ஒரு கீறல்கூட விழல.”

அவள் எழுந்து, இரண்டு கையாலும் தேனீக்களை அள்ளி வந்து அந்தக் கறுப்புப் பூச்சின் மேல் கொட்டினாள்.

“இதுங்க மேலயும்தான் விழல. நல்லா பாத்துக்கோங்க.”