இரண்டு வெள்ளை ஜாடிகள்

வேதியியல் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பேருரை. குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கே முன்னுரை வைப்பவர். கல்லூரிக்கு மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது என்றதும், ஜாடிகளில் இருந்த பழைய லேபிள்களையெல்லாம் ஊறவைத்து உரிக்கச் சொன்னார். புது லேபிளில் சேர்மத்தின் பெயர் சின்னதாக, அவர் பெயர் பெரிதாக.

"எது எதுன்னு முதல்ல குறிச்சுக்கறேன் சார்," என்றாள் ஆய்வக உதவியாளர். மாணவர்களுக்கு அக்கா; பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியர்.

"எதுக்கும்மா? முப்பது வருஷ அனுபவம். பார்த்தாலே சொல்லிடுவேன்."

மயில்துத்தம் நீலமாக இருந்ததால் தப்பித்தது. வெள்ளைகளான உப்பும் சர்க்கரையும் மாட்டிக்கொண்டன. வெளுத்ததெல்லாம் பால் என்பார்கள். இவருக்கு வெளுத்ததெல்லாம் உப்பு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தன் கையாலேயே ஒட்டி முடித்தார்.

அவர் போனதும் அக்கா அந்த இரண்டு ஜாடியிலிருந்தும் ஆளுக்கொரு சிட்டிகையை ஸ்பூனில் எடுத்துச் சுடரில் காட்டினாள். 'சர்க்கரை' என்று லேபிள் ஒட்டியது படபடவென்று வெடித்ததே தவிர உருகவில்லை. 'உப்பு' இளகி, பழுப்பேறி, மிட்டாய் வாசனை அடித்தது.

காலையில் மெல்லச் சொன்னாள். "சார், அந்த ரெண்டு ஜாடியும் மாறியிருக்கு."

"எனக்கே பாடமா? உன் நிரந்தர வேலைக்குப் பரிந்துரை ஃபாரம் மூணு வாரமா என் பையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

 அக்கா செயல்விளக்க மேசைக்கு இரண்டு ஜாடிகளையுமே தூக்கிப் போனாள்.

குழுத் தலைவி முன்வரிசையில் உட்கார்ந்தார். பேருரை தொடங்கியது. "உப்பு அயனிச் சேர்மம். நீரில் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும். சர்க்கரை சகப்பிணைப்புச் சேர்மம். முழு மூலக்கூறாகவே கரையும், கடத்தாது. இதோ, உப்புக் கரைசல்!"

பேட்டரியும் பல்பும் இணைத்த ஒயர்களைக் கரைசலில் முக்கினார். பல்பு எரியவில்லை.

"பல்பு போயிடுச்சு," என்றார். வேறு பல்பு மாற்றினார். அப்புறம் பேட்டரி. அப்புறம் ஒயர். மாற்றாதது ஜாடி ஒன்றுதான்.

அக்கா யோசித்தாள். சும்மா நின்றால் இவர் மூக்கு அறுபடும். கோபத்தில் ஃபாரம் குப்பைக்குப் போகும். உண்மையைச் சொன்னாலும் அதே குப்பைதான்.

"சார், லேபிள் மாறியிருக்குமோன்னு காலையில நீங்களே சந்தேகப்பட்டீங்களே," என்றாள். "சூடு காட்டிப் பார்த்துடட்டுமா?"

பேருரை கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். "ஆமாமா! நான்தான் சொன்னேன்!"

ஸ்பூனில் ஒன்று பழுப்பேறியது, ஒன்று உருகவில்லை. உருகாததைக் கரைத்ததும் பல்பு பளிச்சென்றது.

குழுத் தலைவி அக்காவைப் பார்த்தார். "நல்ல கை. எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பன்னிரண்டு வருஷம் மேடம்."

"எல்லாம் நான் குடுத்த பயிற்சி," என்றார் பேருரை.

"அப்படியா? நீங்களே தயார் பண்ண ஆளு, இன்னும் தற்காலிகமா? பரிந்துரை பண்ணலையா சார்?"

பேருரையின் கை பைக்குள் போய் ஃபாரத்தோடு வெளியே வந்தது.

"கையெழுத்தை இங்கேயே போட்டுடுங்க சார்," என்று அக்கா மேசை ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.