வலப்பக்கத்து மரம்

“அப்ப இது யாரோட வலப்பக்கம் டீச்சரம்மா? என்னோடதா, உங்களோடதா?”

“விளையாடாதீங்கண்ணே.”

“நானா விளையாடுறேன்? நீங்க எழுதினதைத்தான் படிக்கிறேன். மரம் வலப்பக்கம்னு போட்டிருக்கு. இங்க பாத்தா இடப்பக்கம்ல நிக்குது.”

அருங்காட்சியகத்தில் படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறவர் அவர். படங்களுக்குக் குறிப்பு எழுதுகிற அவளை, வேலைக்கு வந்த நாளிலிருந்து டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசித் தாளில் ஒற்றி எடுத்த சின்ன அச்சுப்படம். ஒரு மேடு, ஒரு மரம், வளைந்து போகும் வண்டித்தடம், முதுகில் கட்டுச் சுமக்கும் ஓர் ஆள். மரம் இடப்பக்கம்தான் நின்றது.

தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறித்தான் விழும். போன கண்காட்சியில் பார்வையாளர்களுக்கு இதைப் பக்குவமாக விளக்கி எழுதியவளே அவள்தான். ஆனால் புகைப்படக்காரர் தகட்டையும் படமெடுத்து, கோடுகள் துலங்கட்டும் என்று கருப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கருப்பாக்கிக் கணினியில் போட்டு வைத்திருந்தார். பார்வைக்கு அச்சு அசலாகத் தாளில் விழுந்த படம் போலவே இருந்தது. கோடு கோடாகத் தெரிகிறதே என்று அதையே பெரிதாக்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் எழுதினாள். அலமாரியைத் திறந்து அச்சான தாளை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

‘இடது மூலையில் வண்டித்தடத்தோடு உள்ளே நுழையும் கண், ஆளோடு சேர்ந்து மெல்ல மேடேறி, வலப்பக்கத்து மர நிழலில் இளைப்பாறுகிறது.’ இந்த வரியை இயக்குநரம்மா இரண்டு முறை படித்துவிட்டு, மூன்று மணிக்குக் கண்காட்சித் திறப்பு விழாவில் தானே வாசிக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மேஜையில் தயாராக இருப்பதாகவும், விழா முடிந்ததும் கையெழுத்து என்றும் சொல்லியிருந்தார். இப்போது இரண்டே கால்.

சட்டக்காரருக்கு மனசு கேட்கவில்லை. இடதை வலதாக்கி, வலதை இடதாக்கிவிட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் முகம் இப்படி வெளுக்க வேண்டும் என்றார்.

அவள் ஓடிப்போய்க் கணினியில் இரண்டு சொற்களையும் மாற்றினாள். மாற்றி அச்சடித்த குறிப்புத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி படத்தின் முன்னால் வந்து நின்றாள். படித்தாள். பார்த்தாள். பொருந்தவில்லை.

கண் இப்போது மரத்தடியில்தான் முதலில் போய் முட்டியது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறி இருட்டாக்கிய இடம் அது. அங்கே நிற்க முடியாமல் சரிவில் இறங்கியது. வண்டித்தடம் கீழே போகப் போக அகலமாகி, வலது மூலையில் படத்தை விட்டே வெளியேறியது. அந்த ஆள் கண்ணுக்கு எதிரே மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தான். அவனுக்கு மேலே வானத்தில் ஒரு கோடுகூட இல்லை. இளைப்பாற இந்தப் படத்தில் எங்கே இடம்? மூன்று வாரமாக அவள் எழுதியது வேறு ஏதோ ஒரு படத்தைப் பற்றி.

யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. சட்டம் போடுகிறவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாரே என்று இன்னொரு பக்கம் குடைந்தது.

நடைவழியில் செருப்புச் சத்தம். இயக்குநரம்மா பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “மெல்ல மேடேறி, மெல்ல மேடேறி” என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி வந்தார். சட்டக்காரர் ஏணியை ஓசைப்படாமல் ஓரம் நகர்த்திவிட்டுச் சுவரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அவள் கையிலிருந்த புதுத் தாளை இரண்டாக மடித்தாள்.

“மேடம், அதை வாசிக்காதீங்க. நான் தப்பா எழுதிட்டேன். எனக்கு அரை மணி நேரம் குடுங்க. அதுக்கு முன்னாடி, இப்படி வந்து, இந்தப் படத்தை என்கூட ஒரு தடவை பாருங்க.”