கொட்டகைச் சுவரில் ஒட்டிய தாள்

1.
இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நான் வேதியியல் படித்தவன். பள்ளி ஆய்வகமொன்றில் குடுவை கழுவி அடுக்குபவன். கதை எழுதிப் பழக்கமில்லை. அண்ணி கேட்டதால் எழுதுகிறேன்.

“தம்பி, என் விரல் போன கதைய நீயே எழுதிடு. எனக்குத்தான் இனிமே பேனா புடிக்க வராதே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2.
தொடக்கத்தை மூன்று முறை எழுதிவிட்டேன்.

கடல் அன்று அமைதியாக (தவறு. இதில் கடலே கிடையாது. அண்ணனுக்கு வேலை இறால் வளர்க்கும் குளத்தில்.)

விதி ஒரு குடும்பத்தை (விதியின்மேல் பழிபோட எனக்கு உரிமையில்லை. காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.)

ஞாயிறு காலை அண்ணன் குளத்திலிருந்து ஒரு கிலோ இறால் கொண்டுவந்தார். (இது இருக்கட்டும்.)

அண்ணி இறால்களின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது ஒன்றின் முள் கட்டைவிரலில் ஏறியது. இறால் உரிப்பவர்களுக்கு அது புதிதன்று. கையை உதறி, குழாயில் கழுவி, மிச்சத்தையும் உரித்து முடித்தார். மூன்றாம் நாள் மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது.

3.
மருத்துவமனையில் மருத்துவர் கிருமிப் பரிசோதனை அறிக்கையைப் பிரித்து மூன்று மருந்துகளின் பெயர்களைப் படித்தார்.* “இந்த மூணுமே அந்தக் கிருமிய ஒண்ணும் பண்ணல.”

ஒவ்வொரு பெயருக்கும் அண்ணன் தலையாட்டினார்.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும் டாக்டர். வாளியில கலப்பேன். மூணாவது மட்டும் போன வருஷத்துலேர்ந்து.”

“யாருக்கு?”

“இறாலுக்கு. தீவனத்துல.”

“என்ன நோய்?”

“நோயே வரல டாக்டர். வராம இருக்கத்தான்.”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நான்காவது மருந்துக்குத்தான் கிருமி அடங்கியது. அதற்குள் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கிருமி அந்தக் குளத்திலிருந்துதான் வந்தது என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை; “இருக்கலாம்” என்றார். அன்றாடம் சிறிது மருந்து கலந்த நீரில் சாகிற கிருமி செத்துவிடும், சாகாதது பெருகும். வேகவைத்துத் தின்ற எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சையாகத் தொட்டவருக்கு (இவ்வாக்கியத்தை என்னால் முடிக்க இயலவில்லை.)

* பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். யாரேனும் குறித்துக்கொள்வார்களோ என்ற அச்சம்.

4.
அண்ணனைக் குற்றவாளியாக்குவது எளிது. முதல் வரைவில் அவருக்குப் ‘பேராசை’ என்றொரு சொல்லைக் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவர் சம்பளக்காரர். முதலாளி மூட்டையை இறக்கினார், இவர் கலந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் “இனிமே கலக்கமாட்டேன்” என்றார். மறுநாளே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

5.
முதல் பகுதியில் ஒன்றை மறைத்துவிட்டேன். கதைதான் புதிது, எழுதுவது புதிதன்று.

மூன்றாண்டுகளுக்கு முன் அண்ணன் வந்தார். “டேய் பண்டிதா, மருந்து மூட்டையில எழுதியிருக்கறது ஒரு எழவும் புரியல. எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கரண்டின்னு அழகா எழுதிக் குடுடா.”

எழுதினேன். கட்டம் கட்டினேன். கீழே, யாரும் கேளாமலே, சிவப்பு மையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘நோய் இல்லாவிடினும் நாள் தவறாது கலக்கவும்.’ நன்றாக அமைந்துவிட்டதென்று அன்று மகிழ்ந்தேன். மூன்றாவது மருந்து வந்தபோது அதற்கும் ஒரு வரிசை சேர்த்துக் கொடுத்தேன். அத்தாளைக் குளத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி, அண்ணன் வரி பிசகாமல் நடந்தார். அத்தகைய வாசகர் இனி எனக்கு வாய்க்கமாட்டார்.

அண்ணிக்கு இது தெரியாது. அண்ணன் இதுவரை வாய் திறக்கவில்லை.

6.
நான் தாளைக் கிழித்தெறிவதாக ஒரு முடிவு எழுதிவைத்திருந்தேன். அதை மெய்யாக்கச் சென்ற வாரம் கொட்டகைக்குப் போனேன். சுவரில் பசைத் தடம் மட்டுமே இருந்தது.

“அதுவா? பக்கத்துக் குளத்துக்காரங்க கேட்டாங்க, நகல் எடுக்கக் குடுத்திருக்கோம்” என்றார் புதிதாக வந்தவர். “யாரோ நல்லாப் படிச்சவங்க எழுதினது சார்!”

அண்ணிக்கு நான்காம் பகுதிவரை படித்துக் காட்டியிருக்கிறேன்.

“அவ்வளவுதானா தம்பி? இவரு மேலயும் தப்பில்ல, முதலாளிய நீ திட்டவும் இல்ல. அப்புறம் யாருதான்யா பண்ணினது?”

“நாளைக்குப் படிக்கிறேன் அண்ணி” என்றேன். நான்கு நாள்களாக இதையே சொல்லி வருகிறேன். அவருக்கு முன்பாகவே ஐந்தாம் பகுதியைத் தங்களிடம் கொடுத்தது முறையன்று, மன்னிக்க வேண்டும். முடிவு என்னிடம் இல்லை.

இழந்தவை:
அண்ணியின் வலக்கையில் கட்டைவிரல், சுட்டுவிரல்.
அவர் தைத்துத் தருவதாகப் பிறரிடம் வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுத்த துணிகள், பதினொன்று.
அண்ணனின் வேலை.
மூன்று மருந்துகள்.
தாள் தொலையவில்லை.