பத்து சென்டிமீட்டர் கோடு

எங்க பிரிண்ட் கடையில இருந்து ஒரு வரைபடம் வெளிய போகணும்னா, முதல்ல என் இரும்பு ஸ்கேலுக்குப் பதில் சொல்லணும். ஒவ்வொரு படத்தோட ஓரத்துலயும் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கும். அதை அளப்பேன். சரியா பத்து இருந்தாதான் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவேன். "இந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல"ன்னு வர்றவங்க முணுமுணுப்பாங்க. முணுமுணுக்கட்டும், எனக்கென்ன?

அன்னிக்கு அடிச்சது என் நாத்தனாரோட படம். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் ஏழு மாசமா அவங்களால சமையலறையில நிக்க முடியல. உட்கார்ந்தபடியே வேலை செய்ய, தாழ்வா ஒரு மேடை போடறாங்க. அதுல பாத்திரம் கழுவற தொட்டிக்கு ஓட்டை வேணும். அதுக்கு நிஜ அளவுலேயே ஒரு படம். கல்காரர் அந்தத் தாளைக் கல்லு மேல ஒட்டி, கோட்டு மேலயே வெட்டுவார். நாத்தனார் மூணு கடையில இருந்து மாதிரி வரவழைச்சுப் பொறுக்கின கல்லு அது. அந்த நிறத்துல அது ஒண்ணுதான் மிச்சம். "தப்பா வெட்டிட்டா மேடையே வேண்டாம், நான் இப்படியே கிடந்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க. சொன்னா செய்யற ஆளு. இருபது வருஷமா என்கிட்ட ஒரு குறையாவது கண்டுபிடிக்காம தூங்காதவங்க வேற. ரெண்டு தரம் அளந்தேன். கச்சிதமா பத்து.

மதியம் சாப்பிட்டுட்டு வந்தா, நான் அளந்த படம் குப்பைக் கூடையில கிடக்குது.

"இது என்னங்க இங்க?"

"டீ கொட்டிடுச்சு. இன்னொண்ணு அடிச்சுக் குடுத்துட்டேன். கல்காரர் வாங்கிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆச்சு"ன்னார் என் வீட்டுக்காரர், ஏதோ பெரிய காரியம் பண்ணின மாதிரி.

"அளந்தீங்களா?"

"நீதான் காலையிலயே ரெண்டு தரம் அளந்தியே!"

அதே மாதிரி ஒண்ணு அடிச்சு ஸ்கேலை வெச்சேன். ஒன்பது புள்ளி ஏழு! திரையில 'தாளுக்குள் அடக்கு'ங்கற கட்டத்துல டிக் உட்கார்ந்திருக்குது. அது இருந்தா மெஷின் ஓரம் விடறதுக்காகப் படத்தையே சுருக்கிடும். அறுபது சென்டிமீட்டர் ஓட்டை ஐம்பத்தெட்டு சொச்சமா ஆகிடும். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிட்டு, டிக்கை எடுத்து, சரியா ஒண்ணு அடிச்சு அளந்து எடுத்துக்கிட்டு கல்காரர் பட்டறைக்கு வண்டியை விரட்டினேன். வழியெல்லாம் கல்காரருக்கு போன். அந்த மெஷின் சத்தத்துல எங்க கேக்கும்?

போய்ப் பாத்தா வெட்டியே முடிச்சுட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"தொட்டி இறங்கலயேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்"னார், மீசையெல்லாம் வெள்ளைத் தூளா. நான் கொண்டுபோன தாளை வாங்கி ஓட்டை மேல விரிச்சார். "அட, இதுக்கா அழறீங்க? பெருசா வெட்டியிருந்தா தலையில துண்டு போட்டுக்க வேண்டியதுதான். இது சின்னதுதானே? சுத்தி ஒரு சென்டிமீட்டர் சீவிட்டாப் போச்சு."

அந்த மனுஷனைக் கும்பிடணும் போல இருந்தது. தொட்டி அழகா உள்ள இறங்கினதும் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன், மிச்சத் திட்டையும் திட்டிடலாம்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு மெதுவா சொன்னார்: "அந்த டிக்கை நான் போடலம்மா. இந்தப் படத்துக்கு அப்புறம் ஒரு டீச்சர் வந்து கேட்ட சுவர்ப்படத்துக்கு நீ போட்டது. எடுக்காம சாப்பிடப் போயிட்டே."

போனை வெச்சுட்டு வண்டியைக் கடைக்குத் திருப்பினேன்.

மறுவாரம் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். புது மேடைக்கு முன்னால நாற்காலியில உட்கார்ந்து அவங்களே டம்ளர் கழுவறாங்க. பாக்கவே மனசு நிறைஞ்சுது.

"கல்காரர் எல்லாம் சொன்னார். யாருடா அளவுல கோட்டை விட்டது?"ன்னு தம்பியைக் கேட்டாங்க.

"நான்தான்க்கா"ன்னார் இவர், பட்டுன்னு.

பேசாம இருந்திருந்தா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா மனசு கேக்கல.

"இல்ல அண்ணி. அவர் மேல தப்பில்ல. நான்தான்."

அவங்க டம்ளரைக் கவுத்து வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. "இருபது வருஷத்துல உன் வாயில இருந்து இதை இன்னிக்குத்தான் கேக்கறேன். வா, நாற்காலியைப் போட்டு இப்படி உட்காரு. மேடை ரெண்டு பேருக்குப் போதும்."

உட்கார்ந்தேன். ரெண்டு பேருமா காய் நறுக்கினோம். நான் நறுக்கினதைப் பாத்து, "என்னடி இது, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவா இருக்கு?"ன்னாங்க.

அன்னிக்கு அவங்க நிம்மதியா தூங்கியிருப்பாங்க. நானும்தான்.