ஜெபத்துக்குச் சொன்னது

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் பெண் இன்றைக்கு என்னோடு இருந்திருப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் "ஐயோ பாவம், ஊழியக்காரம்மா" என்று உச்சுக்கொட்ட வேண்டாம்.

என் பெயர் மோகனா. என் வீட்டுக்காரர் ஜெயசீலன். பதினோரு வருஷமாக ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், மிஷனெரிகளாக இருக்கிறோம். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆறு மாத விடுப்பு கிடைக்கும். விடுப்பு என்று பேர்தான், ஓய்வும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஆம்பூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, எங்களைத் தாங்குகிற சபைகளுக்கெல்லாம் ஞாயிறுதோறும் போக வேண்டும். ஒடுகத்தூர், மாதனூர், குடியாத்தம் என்று ஒரே அலைச்சல். அவர் திரையில் படம் போட்டுக் காட்டி ஊழியத்தைப் பற்றிப் பேசுவார். நான் அந்த ஊர்ப் பெண்கள் மாதிரி பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் அந்த ஊர் மொழியில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒரு எழுத்து புரியாது, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

போன விடுப்பில் பாடுவதற்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இந்த விடுப்பில் தமிழினி மட்டும்தான். அவளுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. சின்னவன் போன வருஷம் மழைக்காலத்தில், ஒன்பது வயதில், மலேரியா மூளைக்கு ஏறிப் போய்விட்டான். அங்கேயே மிஷன் வளாகத்துக்குப் பின்னால் ஒரு மாமரத்தடியில் அடக்கம் செய்தோம். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மேற்கொண்டு கை ஓடாது.

அவனுக்கு ஜுரம் கண்ட அன்று நானும் அவரும் வீட்டில் இல்லை. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இரண்டு நாள் கூட்டம். சமையல்காரம்மா வந்து போவாள். மற்றபடி தம்பியைப் பார்த்துக்கொண்டது தமிழினிதான். சாயந்திரம் திடீரென்று ஜுரம் வந்தது, உடனே போன் செய்தேன் என்றுதான் அவள் எங்களிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் வந்து சேர்வதற்குள் பையனுக்கு வலிப்பு கண்டுவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். கர்த்தருடைய சித்தம், கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிச் சொல்லி அதை விழுங்கிக்கொண்டோம்.

திரும்பிப் போக ஏழு வாரம் இருந்தது. ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தமிழினி பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்தாள்.

"மா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட கூட."

"சொல்ல மாட்டேன், சொல்லு."

"சத்தியமா?"

எங்கள் வீட்டில் சத்தியம் பண்ணுகிற பழக்கமில்லை. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையில் அடித்துக் கொடுத்தேன்.

"ஜுரம் சாயந்திரம் வரலமா. காலையிலயே உடம்பு கொதிச்சிது. அம்மாவக் கூப்பிடு, அம்மாவக் கூப்பிடுன்னு அழுதான். அம்மா ஊழியத்துல இருக்காங்க, பேஜார் பண்ணாதடான்னு திட்டிட்டேன். சும்மா சும்மா போன் பண்ணாதீங்கன்னு நீ சொல்லிட்டுப் போனியா... ராத்திரிக்குள்ள சரியாப் போய்டும்னு நெனச்சேன்மா."

ஈரத்துணியோடு அவளைக் கட்டிக்கொண்டேன். "உம்மேல தப்பே இல்லடி கண்ணு. எல்லாம் என்மேலதான்" என்றேன். அது வரைக்கும் நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். அன்றைக்கு அவள் இரண்டாம் முறை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள், அங்கே போய்ப் படிக்கிறதுக்கு இப்பவே புத்தகம் வாங்கிடலாம்மா என்று அவளே வந்து சொன்னாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பையன் என்னைக் கூப்பிடச் சொல்லி அழுதானாமே என்பது காதுக்குள்ளேயே நின்றுவிட்டது.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. ஜெபத்துக்குச் சொல்வது வெளியே சொல்வதாகாது என்று. வீட்டு விஷயத்தைக் குழாயடியில் சொன்னால் அது கோள். அதையே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "ஒரு ஜெபக் குறிப்பு இருக்கு" என்று ஆரம்பித்தால் அது பாரம். நானும் அப்படி வளர்ந்தவள்தானே. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு, ஆம்பூர் சபையில் பழக்கமான சௌந்தரம் அக்கா வீட்டுக்குப் போனேன். எட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா மோகனா, மொகமே சரியில்ல? இன்னா பாரம், சொல்லு. சேர்ந்து ஜெபிக்கலாம்" என்றார் அக்கா.

"பேர் வேணாம்க்கா. ஒரு ஊழியக்காரர் குடும்பத்துப் பொண்ணு. தம்பிக்கு ஜுரம்னு காலையிலயே தெரிஞ்சும் பெத்தவங்களுக்கு லேட்டாச் சொல்லிச்சு. பையன் போய்ட்டான். அந்தக் குத்த உணர்வுலேர்ந்து அந்தப் பொண்ணு வெளிய வரணும்."

பெயர் வேண்டாமாம்! ஆம்பூர் பூராவும் சல்லடை போட்டுச் சலித்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்த மிஷனெரி குடும்பம் வேறு எது? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அவர்கள் எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் கண்ணீரோடு ஜெபித்தார்கள். என் நெஞ்சு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். வெட்கக்கேடு.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு மாதனூர் சபையில் அவருடைய கடைசிப் பிரசங்கம். அங்கே பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள். எங்களுக்காக மாதாமாதம் தவறாமல் அனுப்புகிறவர்கள், கள்ளமில்லாதவர்கள். பிரசங்கம் முடிந்ததும் வழக்கப்படி எங்கள் மூன்று பேரையும் முன்னால் முழங்கால் போடச் சொன்னார்கள். சபையார் வந்து தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவார்கள். தமிழினி தலையில் கை வைத்த அம்மாவை எனக்குத் தெரியும். சௌந்தரம் அக்காவின் நாத்தனார். மைக்கை அந்த அம்மா வாய்க்கு நேராக யாரோ நீட்டினார்கள்.

"தகப்பனே! தம்பி சாவுக்குத் தானே காரணம்னு இந்தக் கொழந்த துடிக்குதே! நேரத்துக்குச் சொல்லாமப் போன இந்தப் பாவத்த மன்னியும் ஆண்டவரே!"

"ஆமென்" என்று இருநூறு பேர் சொன்னார்கள்.

ஜெயசீலன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழினி அழவில்லை. தலைமேல் இருந்த கையைப் பதமாக எடுத்து விலக்கிவிட்டு, எழுந்து, நடுவழியே நடந்து வெளியே போனாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "தமிழ், இன்னா இது? அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"அம்மாகிட்ட கேளுங்க. அம்மாவுக்குத்தான் நல்லாச் சொல்ல வரும்" என்றாள். அவ்வளவுதான், கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். என்னை நாலு வார்த்தை திட்டுவார் என்று பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு வருஷமா எம்புள்ள இத எப்டிச் சொமந்தா? கடைசியா ஒருத்திகிட்ட எறக்கி வெச்சா, அத நீ..." என்று சொல்லி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளைக் கூட்டி வரக் கீழே போனேன். கீழ்வீட்டில் இருப்பவர்கள் வீட்டின் சொந்தக்காரர்களான முனீர் அகமதுவும் அவர் மனைவி ஷஹீன் பானுவும். ஷஹீன் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"படுத்திருக்குது. விடுங்கக்கா, இருக்கட்டும்."

"உனக்கு விஷயம் தெரியாது ஷஹீன்."

"தெரியும்க்கா. உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிடுச்சு. நான்தான், அம்மாகிட்ட சொல்லு, மனசு கொஞ்சம் லேசாவும்னு அனுப்புனேன்."

எனக்குச் சுருக்கென்றது. "உங்க வீட்டுக்காரருக்கும் தெரியுமா?"

"அவருக்கு எதுக்கு? அது அமானத்துக்கா. நம்மள நம்பி வெச்சுட்டுப் போன பொருள். நகையக் கொடுத்து வெச்சா பிரிச்சு நாலு பேருக்குக் காட்டுவோமா?"

அவள் என்னைக் குத்திக் காட்ட நினைத்துச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். என் காலடியில் தரை பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை தமிழினி மேலே வந்து தன் அப்பாவிடம் போனை நீட்டினாள். மலாவியில் எங்களோடு ஊழியம் செய்கிறவரின் மனைவி அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். 'தமிழினி செல்லம், நடந்ததை மறந்துவிடு. இங்கே எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறோம்.'

"நான் வரலப்பா" என்றாள். "அங்க ஒவ்வொருத்தரும் எங்கையப் புடிச்சுக்கிட்டு இதத்தான் பேசுவாங்க. வேலூர்ல ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்குல்ல, அதுல சேத்து விட்டுடுங்க."

அவர் அன்றைக்கே வேலூருக்குக் கூட்டிப் போய், பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டு அவளோடு திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்து, புதன்கிழமை காலையில் அவரிடம் சொன்னேன், நான் வரவில்லை, பெண்ணோடு இருக்கப்போகிறேன் என்று. "இரு. அங்க நான் பாத்துக்கறேன்" என்றார் உடனே. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இந்த ஒன்றையாவது சரி பண்ணிவிடலாம் என்று உள் அறைக்கு ஓடினேன். தமிழினி கட்டிலில் உட்கார்ந்து ஹாஸ்டல் வாளியில் பெயிண்டால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் போகலடி. உங்கூடவே இருக்கேன். வேலூர்லயே ஒரு ரூம் எடுத்துக்கலாம். நீ ஹாஸ்டல்ல இருக்க வேணாம்."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்போம். அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"வேணாம்மா. நீ இங்க இருந்தா வெள்ளிக்கிழம சௌந்தரம் ஆன்ட்டி வீட்டுக்குப் போவ. இன்னா பாரம்னு கேப்பாங்க. நீ சொல்லிடுவ."

"இனிமே யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தேன். என் வாயின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

"அங்க தம்பி தனியாக் கெடக்கறான். நீ அவங்கிட்டப் போய் இரும்மா. அவனப் பத்தி யார்கிட்ட இன்னா சொன்னாலும் அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

மறுநாள் சென்னைக்குப் புறப்பட்ட காரில் நானும் ஏறிக்கொண்டேன்.