மருதாத்தாளின் கை

மருதாத்தாள் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். அதற்குள் கமலாத்தாள் குறுக்கே வந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க குடுங்க நங்கையா. நான் ஊட்டறனுங்க."

குரலில் மரியாதை இருந்தது. ஆனால் விரலோடு விரல் பட்டுவிடாதபடி கிண்ணத்தின் விளிம்பை மட்டும் பிடித்திருந்தாள். தம்பி ஆறுமுகசாமியின் மனைவி; நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. போன வருடம் மருதாத்தாள் பம்பாயிலிருந்து பொங்கலுக்கு வந்துபோன கையோடு அவளுக்குக் கரு கலைந்திருந்தது.

அப்போது யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. போன மாதம் ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததாகப் பேப்பரில் வந்த பிறகுதான், கோபாலபுரம் செக்போஸ்ட் டீக்கடை வரைக்கும் பேச்சுப் பரவியது. குப்பண்ணன் மகள் பம்பாயில் அந்த அணுகுண்டு விஷம் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்க்கிறாளாம். ரயில் வேலைநிறுத்தம் முடிந்ததும் அடித்துப் பிடித்து ஊர் வந்தவளுக்கு, யாரும் அருகில் வராததிலேயே அது புரிந்துவிட்டது.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். கணவாய்க் காற்று தென்னைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சி டாக்டர் கையை விரித்த பிறகு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்று இழுத்தது.

"அம்மிணி," என்றார் குப்பண்ணன். "அங்க என்னதான் செய்யறே? ஊருல கேக்கறானுங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

கட்டில் ஓரம் குந்தினாள். "யுரேனியம்னு ஒரு உலோகமுங்கப்பா, மண்ணுல இருந்து எடுக்கறது. அதை உலையில வெச்சா, நியூட்ரான்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடித்துகள் அதோட அணுவுக்குள்ள பூந்துக்கும். பூந்ததும் அந்த அணுவால சும்மா இருக்க முடியாதுங்க. கொஞ்ச நேரத்துல நெப்டூனியமா மாறும். அப்பறம் ரெண்டு மூணு நாள்ல புளூட்டோனியம் ஆயிரும். அதையே இன்னும் உலைக்குள்ள விட்டா, அதுக்கும் மேல கனமா வேற வேற தனிமம் வரும். நான் அதையெல்லாம் அமிலத்துல கரைச்சுத் தனித்தனியாப் பிரிக்கறேன்."

"இல்லாததை உண்டாக்கறீங்களா?"

"ஆமாங்கப்பா."

"உண்டாக்குனா நிக்குமா?"

"சிலது நம்ம சந்ததியெல்லாம் போனப்பறமும் நிக்கும். சிலது உண்டான சுருக்குலயே வேற ஒண்ணா மாறிப்போயிரும்."

குப்பண்ணன் அவள் கையைத் தேடிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பாத்துச் செய்யி. கை பத்தரம்."

கதவோரம் நின்றிருந்த கமலாத்தாள் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மருதாத்தாள் எழுந்தாள். கொல்லைக்குப் போனாள். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். ஆய்வுக்கூடத்துப் பழக்கம், விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை. மறுபடியும் கழுவினாள். வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தாள், திரும்பினாள். வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து தம்பியின் அலறல் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வாசலில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசிக்கு மகளைக் கூப்பிட்டபோது கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆறுமுகசாமி அழுது வீங்கிய முகத்துடன் அருகில் வந்தான்.

"அக்கா, நீங்க தூரமா நின்னே போடுங்க. கமலா பக்கத்துல இருக்கறா. சனம் ஒரு மாதிரி பேசுது."

"பேசட்டும். நீ என்ன நினைக்கறே?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடைப் பக்கம் திரும்பிவிட்டான். மருதாத்தாள் கையிலிருந்த அரிசியைச் சம்பந்தி வீட்டுக் கிழவியிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றாள். சங்கு ஊதியது. பாடை தெருமுனை திரும்பும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள். அன்று முழுவதும் அவள் அசையாமல் நின்றது அப்போது மட்டும்தான்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரவர் வீட்டுக்குக் குளிக்கப் போனார்கள். இந்த வீட்டுக் கொல்லையில் தலைமுழுக மருதாத்தாளும் கமலாத்தாளும் மட்டும்தான்.

"நங்கையா, நெசத்தைச் சொல்லுங்க." கமலாத்தாள் வயிற்றை அணைத்துப் பிடித்திருந்தாள். "போன தடவை எனக்கு அப்படி ஆனது... உங்க கையோட வந்ததுங்களா?"

"இல்லை கமலா. அங்கிருந்து வெளிய வரமுன்ன கையி, காலு, துணி எல்லாத்தையும் மிஷின்ல வெச்சுப் பாத்துத்தான் விடுவாங்க. ஒரு துளி ஒட்டியிருந்தாலும் காட்டிக்குடுத்துரும்."

"அப்பறம் ஏனுங்க எனக்கு அப்படி ஆச்சு?"

மருதாத்தாள் மனதில் படித்ததெல்லாம் ஓடியது.

"தெரியல," என்றாள்.

காற்று கொடியில் கிடந்த ஈரச்சேலையைப் படபடவென்று அடித்தது. கமலாத்தாள் மெல்லக் குனிந்து துவைகல்லில் உட்கார்ந்து, மருதாத்தாளுக்கு முதுகைக் காட்டி, கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

மருதாத்தாள் சொம்பைத் தொட்டியில் முக்கினாள்.